கார் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்!

லெதர் சீட் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்ததால், பக்கம் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன் சார். பீஜ் நிற லெதர் சீட். டிரைவர் சீட் மட்டும் கருத்து, பளபளவென்று ஆகிவிட்டது. வாட்டர் வாஷ் கடையில் ஏதோ பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள், இப்போது உட்கார்ந்தால் ஒட்டுகிறது. அப்பா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய நாட்டுத் தோல் செருப்புக்கு மேலே பூச்சு எதுவும் கிடையாது, விளக்கெண்ணெய் தடவினால் தோல் அப்படியே குடித்துக்கொள்ளும், வெடிக்காமல் மெத்தென்று இருக்கும். கார் சீட் கதை வேறு. அந்தத் தோலுக்கு வேண்டிய எண்ணெயைப் பதனிடும்போதே பெரிய டிரம்மில் போட்டுச் சுழற்றி நாருக்குள் ஏற்றிவிடுகிறார்கள் (ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை). அப்புறம் மேலே நிறம் அடித்து, அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள். நாம் உட்காருவது, துடைப்பது எல்லாமே அந்தப் பூச்சின் மேல்தான். சந்தேகமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு உண்டு, உறிஞ்சிக்கொண்டால் இல்லை. பெரும்பாலான கார்களில் நிற்கும். தண்ணீரே இறங்காத இடத்தில் தேங்காய் எண்ணெய் எங்கே இறங்கும்? மேலேயே தங்கி தூசியைப் பிடிக்கும், தையல் வழியாக உள்ளே போய்க் கறையாகும், வெயிலில் சிக்கு வாடை அடிக்கும்.

இன்னொன்று. புது லெதர் சீட்டைத் தொட்டுப் பாருங்கள், அது பளபளக்காது, மங்கலாகத்தான் இருக்கும். உங்கள் டிரைவர் சீட்டின் பளபளப்பு வியர்வை, தலை எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து படிந்த அழுக்கு. அந்த அழுக்கில் இருக்கும் நுண்ணிய மண் நாம் ஏறி இறங்கும்போதெல்லாம் பூச்சை உரசிக்கொண்டே இருக்கிறது, சீட் வெடிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான். ஆகவே சீட்டுக்குத் தேவை பாலிஷோ, தோல் மெத்தென்று இருக்கத் தடவும் கண்டிஷனரோ அல்ல, முதலில் ஒழுங்கான சுத்தம்.

காரை நிழலில் விட்டு சீட் ஆறியபின் ஆரம்பியுங்கள், வெயிலில் கொதிக்கும் சீட்டில் எதைப் போட்டாலும் உடனே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். மெத்தென்ற பிரஷ் பொருத்திய வேக்யூமால் இடுக்கில் இருக்கும் மணல், முறுக்குத் தூள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், மணலை எடுக்காமல் தேய்த்தால் நீங்களே கீறல் போடுகிறீர்கள். லெதர் கிளீனர் கடையில் கிடைக்கிறது, இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பு விட்டு நுரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்பும் துணி சோப்புத் தூளும் கூடாது. தோல் அமிலப் பக்கம் சாய்ந்த பொருள், பிஹெச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4 சுமாருக்கு இருக்கும், சோப்போ 9, 10 என்று காரமானது. தினம் ஒருமுறை சோப்பில் துடைத்தே சீட்டைக் கெடுத்தவர்கள் உண்டு.

நுரையை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, ஒரு சமயத்தில் அரை சீட் அளவுக்கு மட்டும், அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். உடனே ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றிவிடுங்கள். துணியில் காப்பி நிறத்தில் வருவது அழுக்கு, அது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம், ஒட்டும் பாலிஷும் அதோடு போய்விடும். ஆனால் துணியில் சீட்டின் நிறமே வந்தால் உடனே நிறுத்துங்கள், பூச்சு கழன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏற்கெனவே வெடித்த இடத்தை எந்தக் கிரீமும் ஒட்டாது, அதற்கு வெடிப்பை நிரப்பும் ஃபில்லர் வைத்து நிறம் அடிப்பவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கண்டிஷனர் வாங்குவது வீண் செலவா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போடலாம்? (கோவை வாசகி)

பதில்: முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, பிசுபிசுக்காத கண்டிஷனரை வருடத்துக்கு இரண்டு தடவை, சுத்தம் செய்த சீட்டில், மிக மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். அதைவிட இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்றாகத் துடைப்பதுதான் சீட்டின் ஆயுளைக் காக்கும். வெயிலில் நிறுத்த வேண்டி வந்தால் கண்ணாடிக்கு சன்ஷேடு வையுங்கள். ஆனால் வாங்கும் முன் உங்கள் சீட் நிஜத் தோலா, ரெக்சினா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் தோலின் பின்புறம் நார் நாராக இருக்கும், ரெக்சினுக்குப் பின்னால் நெய்த துணி தெரியும். பல கார்களில் உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கங்களெல்லாம் ரெக்சின். ரெக்சினுக்கு லெதர் கண்டிஷனர் தேவையே இல்லை. ஸ்டியரிங்கில் இந்த மாதிரி எதையும் தடவாதீர்கள், கை வழுக்கும், ஆபத்து.

கேள்வி: காற்று வரும் ஓட்டை போட்ட சீட் எங்களுடையது. பையன் பால் காப்பியைக் கொட்டிவிட்டான். (சென்னை வாசகர்)

பதில்: தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், பாலையும் சேர்த்துக் கீழே அனுப்புகிறீர்கள், ஃபோமுக்குக் கீழே ஃபேனும் வயரும் இருக்கிறது. காய்ந்த துணியை வைத்து அழுத்தி அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அப்புறம் கிளீனரைச் சீட்டில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். ஓட்டைச் சீட்டில் கெட்டிக் கிரீம் எதுவும் கூடாது, ஓட்டை அடைத்துக்கொள்ளும். நிறைய உள்ளே போயிருந்தால் பால் வாடை தானாகப் போகாது, சீட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதை வீட்டில் முயல வேண்டாம். அடியில் இருக்கும் மஞ்சள் நிற பிளக் ஏர்பேக்குடையது, சர்வீஸ் சென்டரில் பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் செய்யட்டும்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். மழைக்காலத்தில் கார் சும்மா நின்றதில் சீட் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. (ஊட்டி வாசகி)

பதில்: மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காரை வெளியே நிறுத்தி எல்லாக் கதவையும் திறந்து, காய்ந்த துணியால் வழித்து எடுங்கள், அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் முதல் பதிலில் சொன்னபடி சுத்தம். கடைசியில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது, ஏசியைப் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரத்தை அது இழுத்துவிடும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் ஈரம் அங்கேதான் தங்கியிருக்கும். அதைக் காய வைக்காமல் சீட்டை மட்டும் துடைத்தால் பூஞ்சை திரும்ப வரும்.

கேள்வி: பால் பாயிண்ட் பேனா மை, ஜீன்ஸ் நீலம் இரண்டும் சீட்டில். சானிடைசர் போட்டுத் துடைக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலும் நெயில் பாலிஷ் ரிமூவரும் மையோடு சேர்த்துப் பூச்சையும் கரைத்து எடுத்துவிடும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்பது உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்கிறது, அதுவும் வேண்டாம். ஜீன்ஸ் சாயம் புதிதாக இருந்தால் லெதர் கிளீனரிலேயே போய்விடும், மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். பேனா மையும் அப்படித்தான், கிளீனரில் வரவில்லை என்றால் அந்தச் சின்னக் கோட்டோடு விட்டுவிடுங்கள் அல்லது நிறம் அடிப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சீட் கவர் போட்டுவிடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: போடலாம், ஆனால் முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னப் பட்டை தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை மூடாத அல்லது அங்கே பிரிந்து வழிவிடும் தையல் வைத்த கவர்தான் வேண்டும், சாதாரணக் கவர் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும்.