அம்பயர்ஸ் கால் – கடிதம்

அன்புள்ள சார்,

கிரிக்கெட் பற்றி எழுதும்போதெல்லாம் டிஆர்எஸ் (அம்பயர் தீர்ப்பைக் கேமராவும் கணினியும் வைத்து மறுபடி பார்க்கும் ரிவியூ முறை) பக்கமே பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்பியையே எடுங்கள், ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் தடுத்தால் கொடுக்கும் அவுட். ஒரே பந்து, ஸ்டம்பில் ஒரே இடத்தில் படும் என்று திரையில் காட்டுகிறார்கள். அம்பயர் விரலைத் தூக்கியிருந்தால் அவுட், தூக்காவிட்டால் நாட் அவுட். அம்பயர்ஸ் கால் என்று இதற்குப் பெயர். இது என்ன நியாயம்? எந்திரத்தை நம்பினால் முழுசாக நம்ப வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போட வேண்டும். என் அப்பா காலத்தில் அம்பயர் சொன்னால் சொன்னதுதான். ஆட்டமும் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது விக்கெட் விழுந்தால்கூடக் காத்திருந்துதான் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பம் விளையாட்டின் உயிரை எடுத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

விக்கெட் விழுந்ததும் துள்ளிக் குதிக்க முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கும் பிடிக்காத விஷயம்தான். ஆனால் அம்பயர்ஸ் கால் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். டிஆர்எஸ்ஸிலேயே ஆகச் சரியான விதி அதுதான்.

மைதானத்தைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் கேமராக்கள் பந்தைப் பல கோணங்களில் படமெடுக்கின்றன. அவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு கணமும் பந்து எங்கே இருந்தது என்று கணினி கணக்குப் போடுகிறது. பேடில் படும்வரை அது பார்த்த பந்து. பேடுக்கு அப்புறம் திரையில் நீளும் கோடு யாருமே பார்க்காதது. அந்தப் பந்து அங்கே போகவே இல்லையே! தரையில் குத்தியபின் பந்து வந்த கொஞ்ச தூரத்தை வைத்து மீதிப் பாதையை ஊகிக்கிறார்கள். குத்தி எழுந்த உடனே காலில் பட்டுவிட்டால் கணக்குக்குக் கிடைக்கும் தகவல் குறைவு. பேட்ஸ்மேன் இறங்கி வந்து வாங்கினால் ஊகிக்க வேண்டிய தூரம் அதிகம். அதனால்தான் பாதிப் பந்தாவது ஸ்டம்பில் படும் என்று காட்டினாலொழிய நாட் அவுட்டை மாற்றக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பந்தின் குறுக்களவே சுமார் 7 சென்டிமீட்டர். தகராறெல்லாம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டருக்குள். அந்த இடைவெளியில், எதிரே நின்று பார்த்த மனிதர் சொன்னது நிற்கட்டும் என்கிறது விதி. தன் கணக்கில் பிசகு வரலாம் என்று ஒரு கருவி முன்கூட்டியே ஒத்துக்கொள்வதை நான் மதிக்கிறேன்.

2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டம் ஞாபகம் இருக்கும். யுவராஜ் பந்தில் இயன் பெல்லுக்கு எல்பி கேட்டார்கள். அம்பயர் தரவில்லை. ரிவியூவில் பந்து ஸ்டம்பில் படுவதாகவே திரை காட்டியது. ஆனாலும் நாட் அவுட். பந்து காலில் பட்ட இடம் ஸ்டம்பிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி இருந்ததுதான் காரணம். தோனி வெளிப்படையாகவே அதிருப்தியைச் சொன்னார். 338 ரன்னில் டை ஆன ஆட்டம், நமக்கெல்லாம் கோபம் வந்தது இயல்பு. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் இருந்ததும் இதே எச்சரிக்கைதான்.

உயிரை எடுத்துவிட்டது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1957, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளின் சுழற்பந்து வீச்சாளர் சன்னி ராமதின் முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 186 ரன்னில் சுருட்டினார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் கையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முன்காலை நன்றாக நீட்டி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேடால் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே காலில் பட்டால், மட்டையை வீசாவிட்டாலும் அன்றைய விதிப்படி எல்பி கிடையாது. இருவரும் சேர்ந்து 411 ரன். ராமதின் அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் 98 ஓவர் வீசினார். கிடைத்தது 2 விக்கெட். 98 ஓவர்! இன்றைக்கு ஒரு நாள் முழுக்க ஒரு அணியே வீச வேண்டியது 90 ஓவர்தான்.

பின்னாளில், அடிக்க முயலாமல் காலைப் போட்டால் வெளியே பட்டாலும் அவுட் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். பேட்ஸ்மேன்கள் அதற்கும் ஈடு கொடுத்தார்கள். மட்டையைப் பேடுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, விளையாடுகிற மாதிரி காட்டிக்கொண்டு காலில் வாங்குவது. முன்கால் இவ்வளவு தள்ளி வந்துவிட்டால் பந்து ஸ்டம்பில் படுமா என்பது சந்தேகம்தான் என்று அம்பயர்களும் விட்டுவிடுவார்கள். சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு. எத்தனை சுழற்பந்து வீச்சாளர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பி நடந்திருப்பார்கள்! அது உங்கள் அப்பா பார்த்த காலம்.

நான் மேலே சொன்ன கேமராக் கணக்கு, அதாவது பால் டிராக்கிங் வந்ததும், அப்படி விட்டுவிட்ட பந்துகளில் பல ஸ்டம்பைத் தாக்கியிருக்கும் என்று தெரிந்தது. முதலில் மாறியது அம்பயர்களின் விரல். ரிவியூ கேட்காமலேயே முன்கால் எல்பிகள் கிடைக்கத் தொடங்கின. அப்புறம் பேட்ஸ்மேன்கள் மாறினார்கள். இனி பேடை நம்ப முடியாது, மட்டை பேடுக்கு முன்னால் வந்தாக வேண்டும். மட்டை முன்னால் வந்தால் பேட்ஸ்மேனை ஒட்டி ஃபீல்டர் நிற்கும் ஷார்ட் லெக்கும் சில்லி பாயிண்டும் உயிர்பெறுகின்றன, உள்விளிம்பில் பட்டு எகிறும் கேட்ச் வருகிறது. இங்கிலாந்தின் கிரேம் ஸ்வானும் இலங்கையின் ரங்கன ஹேரத்தும் இந்த மாற்றத்தின் பலனை அனுபவித்தவர்கள். நம் அஸ்வினின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. ராமதினுக்குக் கிடைக்காத நியாயம் ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவருடைய தொழில் செய்கிறவர்களுக்குக் கிடைத்தது. இதை உயிரை எடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி, முழுசாக எந்திரத்திடமே விட்டுவிடலாமே என்ற உங்கள் கேள்வி. 2024 டிசம்பர் 30, மெல்போர்ன், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். ஜெய்ஸ்வால் 84 ரன்னில் இருந்தபோது கம்மின்ஸ் பந்தில் கேட்ச் கேட்டார்கள். கள அம்பயர் நாட் அவுட் என்றார். ரிவியூவில், பந்து மட்டையிலோ கையுறையிலோ உரசும் சத்தத்தைக் காட்டும் ஸ்னிக்கோ கோடு அசையவில்லை. ஆனால் பந்து கையுறை அருகே திசை மாறுவது படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது அம்பயர் ஷரஃபுத்தௌலா கருவியைத் தள்ளிவைத்து, கண்ணை நம்பி அவுட் கொடுத்தார். நமக்குக் கசந்தாலும் சரியான தீர்ப்புதான் அது. எந்திரத்தையே முழுசாக நம்பியிருந்தால் அன்றைக்குத் தப்பு நடந்திருக்கும்.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். 2023 ஜூலை, மிர்பூர். வங்கதேச மகளிர் அணியோடு மூன்றாவது ஒருநாள் ஆட்டம். நஹிதா அக்தர் பந்தில் தனக்குக் கொடுத்த அவுட்டை ஏற்க முடியாமல் நம் அணித் தலைவர் ஹர்மன்பிரீத் கவுர் மட்டையால் ஸ்டம்பை அடித்தார். இரண்டு ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள். ஸ்டம்பை அடித்தது தவறு, தண்டனையும் சரி. ஆனால் அந்தத் தொடரில் டிஆர்எஸ் கிடையாது. கையால் டி போட்டு ரிவியூ கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருக்கிற வழி ஆண்கள் அணித் தலைவருக்குப் பெரும்பாலும் இருக்கிறது. அவருக்கு அன்று இல்லை. ஒரு சர்வதேச ஆட்டத்தில்!

உள்ளூரில் இன்னும் மோசம். மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையின் 2022 இறுதிப் போட்டி பெங்களூரில் நடந்தது, மும்பையும் மத்தியப் பிரதேசமும். உலகத்திலேயே பணக்கார வாரியம் நடத்திய இறுதிப் போட்டி, தொலைக்காட்சியிலும் வந்தது. அதற்கும் டிஆர்எஸ் இல்லை. ரஞ்சியில் ஒரு பையனுக்கு ஒரு சீசனில் கிடைக்கும் இன்னிங்ஸ்களை எண்ணிவிடலாம். டிஆர்எஸ் இல்லாத ஆட்டத்தில், மட்டையில் பட்டு எல்பி கொடுத்தால் போனது போனதுதான். கோலிக்கு அடுத்த டெஸ்ட் இருந்தது. இவனுக்கு இந்த வருஷம் போனால் அணியில் இடமே போகலாம்.

கேமராவுக்கும் கணினிக்கும் ஆகும் செலவு தொடரை நடத்தும் வாரியத்தின், ஒளிபரப்பாளரின் தலையில் விழுகிறது. அதனால் விளம்பரம் வராத ஆட்டத்துக்குக் கருவியும் வருவதில்லை. சர்வதேச ஆட்டங்களுக்கு, முதலில் மகளிர் தொடர்களுக்கு, ஐசிசி தன் வருமானத்திலிருந்து இதைக் கொடுக்க வேண்டும். ரஞ்சிக்கு நம் வாரியம் கொடுக்கட்டும். பால் டிராக்கிங்குக்கு வசதியில்லாத மைதானம் என்றால் ஸ்டம்ப் மைக்கும் இரண்டு பக்கமும் நல்ல ஸ்லோ மோஷன் கேமராவும் வைத்தால்கூடப் போதும். மட்டையில் பட்டதா, கேட்ச் தரையைத் தொட்டதா என்பதையாவது மூன்றாவது அம்பயர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அன்புடன்.