தலை குனிந்தால் என்ன ஆகும்? – கடிதம்

வணக்கம் சார்,

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு திருப்பாதிரிப்புலியூர். சேதராப்பட்டில் ஆபரேஷன் தியேட்டர் விளக்கு தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தமே பதினெட்டுப் பேர். ஆர்டரில் 'டிசைன் மற்றும் மார்க்கெட்டிங்' என்று போட்டிருக்கிறார்கள். அப்பா, "நாலு வருஷம் படிச்சுட்டு லைட்டு விக்கப் போறியா" என்கிறார். எனக்கும் டிசைன்தான் ஆசை. மார்க்கெட்டிங் வேண்டாம், டிசைன் மட்டும் கொடுங்கள் என்று கேட்கலாமா? நீங்கள் இந்தத் தொழிலில் இருந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
கடலூர்

*

வணக்கம்மா,

கேட்காதீர்கள். சேருங்கள், இரண்டையும் செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இருபத்திரண்டு வருடம் ஓ.டி. லைட்டோடு இருந்தவன் நான். சேரும்போது எனக்கும் டிசைன்தான் ஆசை. எல்.இ.டி. வந்த புதிதில் நாங்கள் செய்த முதல் டோம், அதாவது விளக்கின் கவிழ்த்த கிண்ணம் போன்ற தலைப்பகுதி, எனக்குக் குழந்தை மாதிரி. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் மீட்டரை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் 1,30,000 காட்டும். உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ், நல்ல ஆபீஸ் வெளிச்சம் 500. அந்தக் கணக்கில் வெயிலையே மிஞ்சிவிட்டோம் என்று எனக்குக் கர்வம்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு டெமோவுக்குப் போனோம். வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல், அதனால் என்னை அனுப்பினார்கள். வயதான சர்ஜன் ஒருவர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கையைக் குழித்துப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷனில் குனிவதுபோலக் குனிந்தார். அவ்வளவுதான், உள்ளங்கை இருண்டுபோனது. "நான் தலைய வெளிய வச்சுட்டா ஆபரேஷன் பண்றது?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நடந்தது என்னவென்றால், லக்ஸ் எண்ணைக் கூட்டுவதற்காக எல்லா எல்.இ.டி.யையும் நடுவில் நெருக்கி, ஒளிவட்டத்தைச் சுருக்கியிருந்தேன். மீட்டருக்குத் தலை கிடையாது. சர்ஜனுக்கு உண்டு, எதிரே நிற்கும் அசிஸ்டென்டுக்கும் உண்டு.

இத்தனைக்கும் நிழலைக் கரைப்பதற்காகப் பிறந்ததுதான் இந்த விளக்கே. 1919இல் லூயி வெரைன் என்ற பிரெஞ்சு இயற்பியல் பேராசிரியர், அல்ஜியர்ஸில் இருந்தவர், இதை உருவாக்கினார். நடுவில் ஒரே ஒரு பல்பு, அதைச் சுற்றி ஒரு லென்ஸ், வெளி விளிம்பில் வட்டமாகக் கண்ணாடிகள். ஒளி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே இடத்துக்கு வரும். ஒரு தலை சில கற்றைகளை மறைத்தால் மற்றவை வந்து சேரும். பெயர் சியாலிடிக், கிரேக்கத்தில் நிழலைக் கரைப்பது என்று பொருள். அதைத் தயாரித்து விற்றது பாரிஸில் கலங்கரை விளக்கத்துக்கு லென்ஸ் செய்துகொண்டிருந்த கம்பெனி. புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்கும் 1836ஆம் வருடத்துப் பழைய லைட் ஹவுஸைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கப்பலுக்கு வழி காட்டிய கணக்குதான் வயிற்றுக்குள்ளும் வழி காட்டுகிறது. நம் பழைய கொட்டேஷன்களில் 'ஷேடோலெஸ் லைட்' என்று அடித்துக் கொடுப்போமே, அதன் மூலம் இதுதான்.

டெமோவிலிருந்து திரும்பியதும் வொர்க்‌ஷாப்பில் அறுத்த இடத்தின் ஆழத்துக்குப் பதிலாக ஒரு பிவிசி பைப்பை நிறுத்தி, அடியில் மீட்டரை வைத்து, மேலே இரண்டு மண்சட்டிகளைத் தலைக்குப் பதிலாகத் தொங்கவிட்டோம். அளந்தபோது வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஓ.டி. லைட்டுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 60601-2-41இல் இதே சோதனையை ஒழுங்காக எழுதியே வைத்திருக்கிறார்கள்: ஒரு மறைப்பு, இரண்டு மறைப்பு, குழாய், குழாயோடு மறைப்பு. நான் அதைப் படித்திருந்தேன். படித்ததற்கும் அந்த உள்ளங்கை இருண்டதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. அதே தரநிலை நடு ஒளி 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை இருந்தால் போதும் என்கிறது. அதற்கு மேல் கூட்டுவதில் புண்ணியம் இல்லை. வெப்பக் கதிருக்கும் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. இரண்டு டோமை ஒரே இடத்தில் குவித்தால் இரண்டின் சூடும் சேரும், திறந்திருக்கும் திசு காயும். டெமோவில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்தது சிவப்பு. வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் நீல எல்.இ.டி. மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசியது. அதில் அடர் சிவப்பு இளைத்திருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண்தான் சி.ஆர்.ஐ.; கேட்டலாகில் அது 90 என்று பெருமையாகப் போடுவார்கள். அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது மாதிரி, ஆர்9 என்பார்கள், சராசரியில் அது சேராது. ஆபரேஷனில் பார்ப்பதெல்லாம் சிவப்புதானே? இதை மீட்டிங்கில் விளக்கி விளக்கிச் சலித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கால் கிலோ ஆட்டு ஈரல் வாங்கி வந்தேன். இரண்டு டோமுக்கு அடியிலும் பாதிப் பாதி வைத்தேன். ஒன்றில் ஈரல் ஈரலாக இருந்தது. இன்னொன்றில் ரத்தமும் ஈரலும் ஒரே பழுப்பு. முதலாளி அன்றே சிவப்பு எல்.இ.டி. சேர்க்க ஒத்துக்கொண்டார். மீதி ஈரலை வீட்டுக்குக் கொண்டுபோனேன், மனைவி உள்ளே விடவில்லை.

விற்கப் போனால்தான் தெரிகிற இன்னொரு வகை விஷயம் உண்டு. கடலூரில் கடலோரமாக ஒரு நர்சிங் ஹோமில் எங்கள் விளக்கு இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. புகார் எதுவும் இல்லை என்று ஃபைல் சொன்னது. வேறு வேலையாகப் போனவன் எட்டிப் பார்த்தால், விளக்கின் கையை பேண்டேஜ் துணியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்பிரிங் தளர்ந்து, டோம் வைத்த இடத்தில் நிற்காமல் மெல்ல இறங்கியிருக்கிறது. தியேட்டர் சிஸ்டர் சர்வ சாதாரணமாக, "அது இறங்கும் சார், நாங்க கட்டிப்போம்" என்றார். மேலே இருந்த ஸ்குரூக்களில் உப்புக்காற்றுத் துரு. அந்தத் துருத் தூள் எங்கே விழும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாரமே எல்லா ஸ்குரூவையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினோம். உள்ளூர்க் காற்றை எந்த டிசைன் சாஃப்ட்வேரும் சொல்லாது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்புறம் பல இடங்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. அந்த வாரம் எனக்கு வந்த போன் எல்லாமே ஒரே கேள்விதான்: பேட்டரியில் எவ்வளவு நேரம் எரியும்? ஜெனரேட்டர் பிடிக்கும்வரை சமாளிக்க அரை மணி நேரத்துக்கு என்று போட்டிருந்த பேட்டரி, அதுவும் பழசு. லக்ஸ் எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

டெண்டர் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், அது சலிப்பான பகுதி. அரசு கொள்முதல் என்றால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டல், டெபாசிட், சான்றிதழ்கள், குறைந்த விலை. ஸ்பெசிஃபிகேஷனில் பெரிய லக்ஸ் எண் இருக்கும், எண்ணை ஒப்பிடுவது சுலபம் என்பதால். தனியார் என்றால் டாக்டர் விளக்கைப் பார்ப்பார், விலையை அவர் வீட்டம்மா பேசுவார், பணம் எப்போதாவது வரும். பழகிவிடும்.

ஒருமுறை புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியில் பழைய வீட்டை கிளினிக் ஆக்கியிருந்த டாக்டர் இரட்டை டோம் கேட்டார். நல்ல ஆர்டர். அண்ணாந்து பார்த்தால் மெட்ராஸ் டெரஸ், மர உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்பும். அதில் அந்த எடையைத் தொங்கவிடுவதா? ஸ்டாண்ட் மாடல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி விலை. மேனேஜர் என்னை ஒரு வாரம் திட்டினார். அந்த டாக்டர் அப்புறம் கான்கிரீட் கட்டடம் கட்டியபோது கூப்பிட்டது என்னைத்தான். ஆனால் அதற்கு ஆறு வருடம் ஆனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் லைட் விற்கவில்லை என்று வாதாட வேண்டாம். விற்கத்தான் போகிறீர்கள். நீங்கள் வரைந்ததை நீங்களே விற்பீர்கள், திட்டும் உங்களுக்கே நேராக வரும். பெரிய கம்பெனியில் அந்தத் திட்டு நாலு மேஜை தாண்டி வரும்போது 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஆகியிருக்கும். பதினெட்டுப் பேர் கம்பெனியின் லாபம் இதுதான். நஷ்டமும் உண்டு: டெஸ்டிங் கருவிகள் குறைவாக இருக்கும், பேக்கிங்கூடச் செய்யச் சொல்வார்கள், சம்பளம் தாமதமாகலாம்.

சேரும் முன் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் இன்ஸ்டலேஷன் ஆட்களோடு அனுப்பச் சொல்லுங்கள், ஏணியில் ஏறுங்கள். வெளியூர்ப் படியும் தங்குமிடமும் எழுத்தில் வாங்குங்கள், பெண் என்பதால் இதில் கூச்சப்படவே வேண்டாம். மூன்றாவது, சர்வீஸ் புகார் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தடிமனாக, அழுக்காக, பல கையெழுத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். "எங்களுக்குப் புகாரே வராதும்மா" என்றால் சேர்வதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.