ரத்தம் படாத சட்டை

அன்புள்ள ஐயா,

நான் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். ‘தடயத்தைப் போலீசாரே வைத்துவிட்டார்கள்’ என்பது நான் அடிக்கடி எழுப்பும் வாதம். போன சனிக்கிழமை இரவு, 1983இல் வந்த ‘டென் டு மிட்நைட்’ படத்தைப் பார்த்தேன். துப்பறியும் அதிகாரியாக சார்லஸ் பிரான்சன். கத்தி, ரத்தம், நிர்வாணம் எல்லாம் தாராளம். கடைசியில், பிடிபட்டு நிற்பவனை அவர் சுட்டபோது என்னை அறியாமல் ‘சபாஷ்’ என்று சொல்லிவிட்டேன். பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். “இதைத்தானே கோர்ட்டில் அநியாயம் என்கிறீர்கள்?” என்று கேட்டாள். சட்டென்று டிவியை அணைத்துவிட்டேன். இது பாசாங்கா? உங்களுக்கும் இப்படி ஒளித்து ரசிக்கும் பழக்கம் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. அதுவும் இதே படம்தான். கல்லூரி நாட்களில் வாடகைக் கேசட்டில், ஒரே அறையில் ஆறு பேர் நெருக்கியடித்துப் பார்த்தோம். கடைசிக் குண்டுக்கு ஆறு பேரும் கைதட்டினோம். அதன் பிறகு நாலைந்து முறை பார்த்திருப்பேன், எப்போதும் தனியாக.

திரையில் ஓடும் ரத்தம் என்னைப் பெரிதாக உறுத்தியதில்லை. சாயம் என்று தெரிந்துதானே உட்காருகிறோம். என்னை உறுத்துவது கொலைகாரனின் துணி.

வாரன் ஸ்டேசி ஆடைகளைக் களைந்துவிட்டுத்தான் கொல்கிறான். துணியில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அதற்கு முன் ஒரு தியேட்டருக்குப் போய், பக்கத்து இருக்கைப் பெண்களிடம் வேண்டுமென்றே வம்பு செய்கிறான். இவன் முகத்தை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். பிறகு கழிவறை ஜன்னல் வழியே வெளியேறி, காரியத்தை முடித்துவிட்டு, படம் முடிவதற்குள் இருக்கைக்குத் திரும்பிவிடுகிறான். பாதிப் படத்தைப் பார்க்காதவனுக்குத்தான் அந்த அரங்கிலேயே பலமான சாட்சி! துப்பறியும் கதைகள் எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு வயிறு எரியும்.

இவன்தான் என்று பிரான்சன் நடித்த அதிகாரி லியோ கெஸ்லருக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் வழியில்லை. இறந்தவளின் ரத்தத்தை ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்து ஸ்டேசியின் துணியில் தடவிவிடுகிறான். கறை படக்கூடாது என்று ஒருவன் அம்மணமாக நின்ற அதே துணியில், போலீஸ்காரன் கையால் கறை படிகிறது. இவ்வளவு கச்சிதமான ஒரு முடிச்சை, தலைப்புக்கும் கதைக்கும் ஒட்டே இல்லாத ஒரு மலிவுப் படத்தில் யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் இயக்கியவர் ஜே. லீ தாம்சன். 1961இல் ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ என்ற புகழ்பெற்ற போர்ப்படத்தை எடுத்தவர். எழுபதை நெருங்கும் வயதில் மலிவுப் படங்கள் எடுத்த கேனன் பட நிறுவனத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். தொழில் மறக்கவில்லை.

நீங்கள் ‘சபாஷ்’ சொல்லும்படி படம் உங்களைத் தயார்செய்வது இதற்குப் பிறகுதான். கெஸ்லரின் இளைய சகா பொய்ச்சாட்சி சொல்ல மறுக்கிறான். கெஸ்லர் உண்மையை ஒப்புக்கொள்கிறான். வழக்கு விழுகிறது, வேலையும் போகிறது. வெளியே வந்த ஸ்டேசி மறுபடி கொல்கிறான். ‘பார்த்தாயா, உண்மை பேசினால் இதுதான் கதி’ என்று படம் நம் காதில் ஓதுகிறது. உங்கள் தொழில்காரரையும் விடவில்லை. ஜெஃப்ரி லூயிஸ் நடித்த வழக்கறிஞர், பைத்தியம் என்று வாதாடினால் தப்பலாம் என்று கட்சிக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அன்றைய அமெரிக்காவில் அது பச்சைப் புண். அதிபர் ரேகனைச் சுட்ட ஜான் ஹின்க்லி மனநிலையைக் காரணம் காட்டி 1982 ஜூனில் ‘குற்றவாளி அல்ல’ என்று தீர்ப்புப் பெற்றிருந்தார். ஓராண்டு முடிவதற்குள் இந்தப் படம் வந்தது. ஆத்திரத்தோடு அரங்குக்கு வந்தவர்களிடம், ‘நான் வெளியே வருவேன்’ என்று கொக்கரிக்கும் ஒருவனைக் காட்டி, பிரான்சன் கையில் துப்பாக்கியும் கொடுத்தால் என்ன நடக்கும்? உங்கள் வீட்டில் நடந்ததுதான்.

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதற்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. அவர் கட்சிதான் நானும். அதனால் பார்ப்பதை விட்டேனா என்றால், இல்லை.

பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை நீங்கள் கோர்ட்டில் அதே வாதத்தை வைத்திருப்பீர்கள். அந்த வாதம் எவ்வளவு சுலபமாகத் தோற்கும், எவ்வளவு நல்லவர்கள் அதைத் தோற்கடிக்கக் கைதட்டுவார்கள் என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும். சோபாவில் உட்கார்ந்து நீங்களே செய்து பார்த்ததுதானே.

எனக்குச் செரிக்காத இடம் வேறு. செவிலியர் படிப்பு மாணவிகளின் வீட்டுக்குள் ஸ்டேசி நுழையும் காட்சி, 1966இல் சிகாகோவில் ஒரே இரவில் மாணவியரும் செவிலியருமாக எட்டு இளம்பெண்கள் கொல்லப்பட்டதை நினைவூட்டுவது. அந்த இரவு நிஜம். அங்கே கேமராவும் கொலைகாரனின் கண்ணோடுதான் அந்தப் பெண்களைப் பார்க்கிறது.

அடுத்த முறை மனைவி வந்தால் டிவியை அணைக்க வேண்டாம், உட்காரச் சொல்லுங்கள். நான் அந்த இடம் வரும்போது காபி போட எழுந்து போய்விடுவேன். டம்ளரோடு திரும்பும்போது, பெரும்பாலும், ஸ்டேசி தெருவில் ஓடிக்கொண்டிருப்பான்.

அன்புடன்.