பெரிய கப்பலுக்குப் பிரேக் கிடையாது என்கிறார்களே, அப்படியானால் அதைத் துறைமுகத்தில் எப்படி நிறுத்துகிறார்கள்?

பாளையங்கோட்டையில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் அதிகாரியாகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பிரேக் கிடையாது என்பது உண்மைதான். கப்பலை உந்தும் விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றலாம். ஆனால் முழுச் சரக்குடன் முழு வேகத்தில் வரும் பெரிய கப்பல், அப்படிச் சுழற்றிய பிறகும் சில கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும்.

எங்கள் ஊரில் யாராவது இதைக் கேட்டால் ஆனித் தேரைச் சொல்வேன். நெல்லையப்பர் தேரை எத்தனை பேர் வடம் பிடித்து இழுத்தாலும், ரத வீதி முனையில் அதைத் திருப்புவது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களின் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் வடத்தை விட்டால் தேர் நின்றுவிடும், கப்பல் நிற்காது.

வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. சுக்கானின் மீது தண்ணீர் பாய்ந்தால்தான் கப்பல் திரும்பும். வேகம் குறையக் குறையச் சுக்கான் செயலற்றுப் போகும். ஆகவே சுக்கானை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துக்கொண்டு, விசிறியைச் சில விநாடிகள் மட்டும் முன்னோக்கிச் சுழற்றி நிறுத்துவார்கள். விசிறி தள்ளும் நீர் சுக்கானில் மோதிப் பின்புறத்தை நகர்த்திவிடும். அத்தனை பெரிய எடை அதற்குள் முன்னோக்கி வேகம் பிடிப்பதில்லை. அந்தச் சில விநாடிகளை அளந்து கொடுப்பதைத்தான் நான் திறமை என்பேன். பின்னோக்கிச் சுழற்றும்போது இன்னொன்றும் நடக்கும்: முன்னோக்கிப் போகும்போது வலமாகச் சுழலும் ஒற்றை விசிறி உள்ள கப்பலின் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கும். விவரம் தெரிந்தவர் இதைக் குறையாகக் கருதாமல், இடப்பக்கத்தைத் துறைமுக மேடையில் அணைக்க வேண்டியிருந்தால் முன்புறத்தைச் சற்றே மேடைப் பக்கம் சாய்த்துக் கொண்டுவருவார். நிறுத்துவதற்காகப் பின்னோக்கிச் சுழற்றும்போது பின்புறம் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது காற்று. தூத்துக்குடியில் 1974-இல் பெருந்துறைமுகம் அமைவதற்கு முன்பு பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டன, சரக்கு தோணிகளில் வந்தது. இப்போது ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. அவை அலையைத்தான் தடுக்கும். ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றைத் தடுக்காது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் வரும்போது ஆழமாக அமிழ்ந்திருப்பதால் காற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அதே கப்பல் சரக்கை இறக்கிவிட்டு வெளியேறும்போது, உயர்ந்து நிற்கும் பக்கச்சுவர் முழுவதும் பாய்மரமாகிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

இதற்காகவே உள்ளூர்க் கடலை அறிந்த பைலட் கயிற்றேணியில் ஏறி வருகிறார், டக் படகுகள் முன்னும் பின்னும் நின்று தள்ளுகின்றன, இழுக்கின்றன. அவர் கட்டளையிட்டாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனுடையதுதான் (அந்த ஒரு மணி நேரத்தில் சூடாகத் தேநீர் குடித்த கேப்டன் ஒருவரையும் நான் கண்டதில்லை).

இளநிலை அதிகாரியாக இருந்தபோது முன்புறத்தில் நின்று, மேடைக்கு எத்தனை மீட்டர் இருக்கிறது என்று வாக்கிடாக்கியில் சொல்வது என் வேலை. ஒரு துறைமுகத்தில் நான் நாற்பது என்று சொன்ன இடத்தில் உண்மையில் முப்பதுகூட இல்லை; பைலட் என்னை நம்பாமல் தம் கண்ணை நம்பியதால் தப்பினோம். கடைசியில் கப்பல் மேடையின் ரப்பர்த் தாங்கிகளைத் தொடும் வேகம் விநாடிக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொட்ட பிறகும் வேலை முடிவதில்லை. கயிறுகளெல்லாம் மேடையில் இறுகும் வரை டக் படகுகள் கப்பலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும், பைலட்டும் அதுவரை ஏணிப் பக்கம் போகமாட்டார்.