மண்டபத்து ஸ்விஃப்டுக்கு 16 இன்ச் அலாய் வேண்டுமா?

நண்பரே, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓடும் உங்கள் ஸ்விஃப்ட் காரின் 14 இன்ச் இரும்பு ரிம் துருப்பிடித்துவிட்டது, 16 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை ரிம்) மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம், நானாக இருந்தால் 15-க்கு மேல் போக மாட்டேன். உங்கள் 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., 15 இன்ச் ரிம்முக்கான 185/65 ஆர்15 டயருக்குச் சுமார் 622. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது, 16 இன்ச்சைவிடப் பள்ளத்தில் ரிம்முக்கும் அடி குறைவு.

அலாயையும் உப்புக்காற்று விடாது. பெயிண்ட் உரிந்த இடத்தில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் பூக்கும். டயர் உட்காரும் விளிம்பில் பூத்தால் காற்று மெல்ல இறங்கும். என் வண்டியில் பங்ச்சர் கடைக்காரர் மூன்று முறை ஆணி தேடினார்! தனுஷ்கோடி போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் ரிம்மின் உள்பக்கத்தையும் கழுவிவிடுங்கள்.

அப்புறம், டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள்: 2325 என்றால் 2025-இன் 23ஆவது வாரத் தயாரிப்பு.