லண்டன் பழைய பஸ்: எந்தப் பக்கம் உட்காருவது?

வணக்கம்.

அக்டோபர் கடைசியில் அப்பா அம்மாவுடன் லண்டன் போகிறேன். பழைய சிவப்பு பஸ்ஸில் வழிகாட்டியோடு நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். பதிவு செய்யுமுன் என்னென்ன கேட்க வேண்டும்? அம்மாவுக்கு முழங்கால் வலி. மேல்தட்டா, கீழ்த்தட்டா? அப்பா இளவயதில் கொழும்பில் இரட்டைத்தட்டு பஸ்ஸில் போனவர். அதே பஸ்தானா இது என்று கேட்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பஸ் எந்தத் திசையில் போகிறது என்பது. விளம்பரத்தில் இடங்களின் பட்டியல் இருக்கும். கண்ணில் என்ன படும் என்பதைத் தீர்மானிப்பது திசையும், நீங்கள் உட்காரும் பக்கமும்தான்.

அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே ஓடுகின்றன. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கே ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் ஸ்ட்ரீட், லட்கேட் ஹில் வழியாகப் போனால் மேல்தட்டின் இடப்பக்கத்தைப் பிடியுங்கள். ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் என்ற நீதிமன்றம், செயின்ட் பால்ஸ் பேராலயம் இரண்டும் அந்தப் பக்கம். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தின் கடிகாரம் தெருவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். 1671இல் வைத்தது. அதன் பின்னால் மாடத்தில் இரண்டு ராட்சத உருவங்கள் தடியோடு நின்று கால்மணிக்கொரு தரம் மணியடிக்கும். நடைபாதையிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டிய அந்த மாடம் மேல்தட்டில் இருப்பவருக்கு நன்றாகக் கிட்டே வந்துவிடும். இதற்காகவே மாடி ஏறலாம்.

டவர் ஆஃப் லண்டன் வந்ததும் கணக்கு மாறும்: கோட்டை வலப்பக்கம். டவர் பிரிட்ஜில் தெற்கே கடக்கும்போதும் நகரமும் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலும் வலப்பக்கமே. வைட்ஹால் சாலையில் தெற்கே இறங்கினால் ஹார்ஸ் கார்ட்ஸும் டவுனிங் ஸ்ட்ரீட்டும் வலம், பாங்க்வெட்டிங் ஹவுஸ் இடப்பக்கம். எதிர்த் திசையில் போகும் பஸ் என்றால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வெயில். அக்டோபரில் சூரியன் தாழ்வாகவே வரும். காலையில் கிழக்கே போனால் முன்கண்ணாடி முழுக்கக் கண்கூச்சம், படம் எடுக்க முடியாது. செயின்ட் பால்ஸின் முகப்பு மேற்கு நோக்கியது. பிற்பகலில்தான் அதில் வெளிச்சம் விழும். ஆகவே கிழக்கே போகும் பஸ் என்றால் இரண்டு மணிவாக்கில் கிளம்புவதை எடுங்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பின் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். நான்கு மணிப் பயணம் வீண்.

ஞாயிறு காலை நெரிசல் குறைவுதான். ஆனால் செயின்ட் பால்ஸிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் அன்று வழிபாடு மட்டும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். சனிக்கிழமைகளில் ஊர்வலங்களுக்காக வைட்ஹாலை அடைப்பதுண்டு. உள்ளே போய்ப் பார்ப்பதும் திட்டத்தில் இருந்தால் வார நாளே நல்லது.

வழிகாட்டியிடம் புளூ பேட்ஜ் என்ற தகுதிச் சின்னம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீண்ட படிப்பும் தேர்வும் முடித்தவர்களுக்கே அது கிடைக்கும். தேநீர் பஸ் என்று ஒன்றும் விற்கிறார்கள். அதில் மேசை போட்டிருப்பதால் பாதிப்பேர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டியிருக்கும். ஊர் பார்க்க அது வேண்டாம்.

இனி பஸ். நீங்கள் சொல்லும் பழைய சிவப்பு பஸ்ஸின் பெயர் ரூட்மாஸ்டர். 1954 முதல் 1968 வரை 2,876 கட்டப்பட்டன. அலுமினிய உடல், தனியாகச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, முன்னும் பின்னும் துணைச்சட்டங்கள் மட்டும். வழக்கமான தடங்களில் கடைசியாக ஓடியது 2005 டிசம்பர் 9, 159ஆம் எண் தடத்தில். அதில் ஆர்.எம். என்ற சாதாரண வகையில் 64 இருக்கை, நீளமான ஆர்.எம்.எல்.லில் 72. பக்கவாட்டில் நடுவே ஒரு குட்டிச் சன்னல் கூடுதலாக இருந்தால் அது ஆர்.எம்.எல். 2012இல் வந்த புது ரூட்மாஸ்டர் வேறு வண்டி. பதிவு செய்யும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்பா கொழும்பில் ஏறியது பெரும்பாலும் இதற்கு முந்தைய லண்டன் பஸ்ஸான ஆர்.டி.யாக இருக்கும். லண்டனில் ஓடி முடித்த ஆர்.டி.க்கள் ஏராளமாக இலங்கைக்குப் போயின. பின்பக்கம் ஏறி இறங்கத் திறந்த மேடை, பிடித்துக்கொள்ளக் கம்பி, தனி அறையில் ஓட்டுநர் எல்லாம் ஒன்றுபோலத்தான்.

அம்மாவுக்குக் கீழ்த்தட்டே. மாடிப்படி குறுகலானது, வளைந்து ஏறும். இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் விழும். கீழேயும் மேடையிலிருந்து உள்ளே ஒரு படி உண்டு, சாய்தளம் கிடையாது. பின்சக்கரத்துக்கு மேலே நீளவாக்கில் இருக்கும் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்: எதிரே இருப்பவர் முகந்தான் தெரியும், திறந்த வாசலிலிருந்து குளிர்காற்றும் அடிக்கும். முன்னே பார்த்த இருக்கைகளில், நடுவில், சன்னலோரம் சரி. முன்னால் போகப்போக எஞ்சின் சத்தத்தில் வழிகாட்டி பேசுவது கேட்காது. கழிப்பறை இல்லை, ஏறுமுன் போய்விட்டு வருவது நல்லது. பஸ் முழுதாக நின்றபின், கம்பியைப் பிடித்தே இறங்கட்டும்.

பஸ் நிற்கும்போது அப்பாவை மாடிப்படிக்குக் கீழே உள்ள குழிவில் நிற்கச் சொல்லுங்கள். ஏறி இறங்குபவர்களுக்கு வழிவிட்டுக் கண்டக்டர் ஒதுங்கி நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் கூரையோரம் ஓடும் மணிக்கயிறும் தெரியும். ஒரு மணி நிற்க, இரண்டு கிளம்ப, மூன்று அடித்தால் ஆள் நிறைந்துவிட்டது, வழியில் நிற்க வேண்டாம் என்று பொருள்.