ரெண்டுமே 10 ஸ்பீட் தான், அப்புறம் ஏன் சேரல?

கேள்வி: வணக்கம்ண்ணே. என்னோடது 2012ல வாங்குன ரோடு சைக்கிள், ஷிமானோ 105 5700 கியர் செட், 10 ஸ்பீட் (பின்னாடி 10 கியர்). போன மாசம் கீழ விழுந்ததுல ரியர் டீரெய்லர் (பின்னாடி செயின அடுத்த கியருக்கு தள்ளுற பாகம்) உடைஞ்சிருச்சு. அதே மாடல் எங்கயும் கெடைக்கல, சரி இதுவும் 10 ஸ்பீட் தானேன்னு ஷிமானோவோட புது டியாக்ரா 4700 டீரெய்லர் வாங்கி மாட்டிட்டேன். சின்ன பல்சக்கரத்துல ஒழுங்கா நிக்குது, நடுவுக்கு வந்தா கடகடன்னு சத்தம், அதுக்கு மேல ரெண்டு க்ளிக் போட்டாத்தான் ஒரு கியர் ஏறுது. மெக்கானிக் மூணு வாட்டி ட்யூன் பண்ணிட்டாரு. கேபிள் மாத்தணுமா? அப்படியே ஏற்காடு ஏத்தத்துக்கு பெரிய சக்கரத்துல 34 பல்லு இருக்குற கேசட் (பின் வீல்ல இருக்குற பல்சக்கர அடுக்கு) போடலாமான்னும் சொல்லுங்க.
(சேலம் வாசகர்)

பதில்: கேபிள்ல கைய வைக்காதீங்க தம்பி. மெக்கானிக் மேலயும் தப்பு இல்ல, இது ட்யூன் பண்ணி சரியாகுற விஷயமே இல்ல. ஷிஃப்டர் (ஹேண்டில்பார்ல இருக்குற கியர் லீவர்) ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்குது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகருது, இது ரெண்டும் சேந்தாத்தான் கியர் விழும். 10 ஸ்பீட் கேசட்ல ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்த பல்சக்கரத்துக்கும் 3.95 மி.மீ. இடைவெளி. உங்க 5700 ஷிஃப்டர் க்ளிக்குக்கு சுமார் 2.3 மி.மீ. இழுக்கும், பழைய டீரெய்லர் அத 1.7 மடங்காக்கும், கணக்கு சரியா வந்துரும். ஆனா 2015ல வந்த 4700க்கு ஷிமானோ 11 ஸ்பீட் ரோடு கணக்க வச்சிட்டாங்க, 1.4 மடங்கு தான், அப்ப உங்க ஷிஃப்டர் இழுக்குற இழுப்புக்கு அது 3.2 மி.மீ. தான் நகரும். ஒவ்வொரு க்ளிக்குலயும் முக்கால் மி.மீ. கிட்ட குறையுது, அஞ்சாறு க்ளிக்குல ஒரு முழு பல்சக்கரமே பின்தங்கிரும். நீங்க சொன்ன சத்தம் அதான். பெட்டி மேல 10ன்னு போட்டிருந்தா யாரா இருந்தாலும் நம்பித்தான் வாங்குவாங்க, காசு போச்சேன்னு எனக்கே மனசு கஷ்டமா இருக்கு. கடையில திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க, இல்லன்னா 4700 ஷிஃப்டர் வச்சிருக்கவங்களுக்கு வித்துருங்க.

இப்ப என்ன வாங்கணும்னா, 34 பல்லு வேணும்னு நீங்களே சொல்லிட்டதால 9 ஸ்பீட் மவுண்டன் பைக் டீரெய்லர் தேடுங்க, ஷிமானோ டியோர் எம்591 மாதிரி. 10 ஸ்பீட் ஷிஃப்டருக்கு 9 ஸ்பீட் டீரெய்லரான்னு கடைக்காரரே சிரிப்பாரு, ஆனா அதுவும் அதே 1.7 தான், எத்தனை கியர்னு எண்ணுறது ஷிஃப்டர் வேல, டீரெய்லருக்கு அது தெரியாது. 10 ஸ்பீட் மவுண்டன் டீரெய்லர் மட்டும் வாங்கிராதீங்க! 2010ல டைனா-சிஸ்னு ஷிமானோவோட புது மவுண்டன் கியர் முறை வந்ததுல இருந்து அதோட கணக்கு 1.2, இன்னும் மோசமா போகும். 32 பல்லு போதும்னா 105 5701 லாங் கேஜ் (செயின பிடிக்கிற கை நீளமா இருக்குற டீரெய்லர்) பழசு கெடைச்சா அதுவே நல்லது. எதுவா இருந்தாலும் டீரெய்லர்லயே பொறிச்சிருக்க மாடல் நம்பர கண்ணால பாத்துட்டு காச குடுங்க. பெரிய கேசட்டுக்கு பழைய செயின் நீளம் பத்தாம போகலாம், அத பாக்காம முன்னாடியும் பின்னாடியும் பெரிய பல்சக்கரத்துல செயின போட்டா டீரெய்லர் மறுபடி உடையும், ஹேங்கரும் (டீரெய்லர ஃப்ரேம்ல மாட்டுற துண்டு) சேந்து போகும். விழுந்த பைக்குங்கறதால ஹேங்கர் வளைஞ்சிருக்கான்னு முதல்ல செக் பண்ணிக்கோங்க.

கேள்வி: 11 ஸ்பீட் வீல் ஒண்ணு நல்ல விலைக்கு வருது சார், என் 10 ஸ்பீட் கேசட் அதுல ஏறுமா?
(மதுரை வாசகர்)

பதில்: தாராளமா ஏறும். 11 ஸ்பீட் ரோடு ஹப்புல (வீலோட நடுப்பாகம்) கேசட் மாட்டுற பாடி 10 ஸ்பீடோடத விட 1.85 மி.மீ. நீளம் ஜாஸ்தி, அந்த அளவுக்கு ஒரு ஸ்பேசர (இடைவெளி நிரப்புற வளையம்) முதல்ல போட்டுட்டு கேசட்ட மாட்டுங்க. 105 5700 மாதிரி சில கேசட்டோட 1 மி.மீ. ஸ்பேசர் தனியா வரும், அதையும் சேத்து போடணும், நெறைய பேரு இத தூக்கி போட்டுர்றாங்க. லாக்ரிங்க (கேசட்ட இறுக்கி பிடிக்கிற வளையம்) நல்லா இறுக்குனதுக்கப்புறம் கேசட்ட கையால ஆட்டி பாருங்க, ஆடுச்சுன்னா ஸ்பேசர் ஒண்ணு விட்டுப்போச்சு.